மேஸ்திரியின் சிலேட்டு

எங்கள் வீட்டுக் கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில், ஒரு சிலேட்டுப் பலகை தொங்குகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருப்பதைவிடக் கொஞ்சம் பெரியது. மரச் சட்டத்தின் ஒரு மூலை விட்டுப்போய், கம்பி சுற்றி இறுக்கியிருக்கிறது. ஈரத்துணி பட்டுப் பட்டு, கல்லின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பளபளப்பு ஏறியிருக்கிறது. மருமகள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அதைக் கழற்றித் தூசி தட்டினாள். பக்கத்து ஊரான பேத்தமங்களாவில் வளர்ந்த பெண். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் கேட்டுவிடுவாள். "இன்னா மாமா இது, ஒண்ணுமே எழுதாத சிலேட்ட இன்னாத்துக்கு மாட்டி வெச்சிக்கினு கீறீங்க? கடையில இன்னா வாங்கணும்னாவது எழுதி வெக்கட்டுமா?" என்றாள். பிடுங்காத குறையாக அதை வாங்கி மறுபடி மாட்டினேன். சொல்லத் தொடங்கினால் நான் செய்த ஒரு காரியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு எனக்கு அப்போது வாய் வரவில்லை.

அறுபதுகளில், கோலார் தங்கவயலின் சுரங்கம் ஒன்றில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். வட ஆற்காட்டிலிருந்து பாட்டன் காலத்தில் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் நாங்கள் இரண்டு பிள்ளைகள். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி மேலே நாற்காலியில் உட்கார்ந்தேன். தம்பி எட்டாவதோடு நின்று கீழே சுரங்கத்தில் இறங்கினான். சட்டையில் இங்க் கறை படுவதைக்கூடத் தாங்காதவன் நான். என்னுடைய ரெஜிஸ்தரில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. எந்த ஷிப்டில் எத்தனை பேர், யார் யார், எந்த ஆழத்து லெவல் என்று நடுராத்திரியில் புரட்டினாலும் அது சொல்லும் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். எழுத்தில் இருப்பதுதான் உண்மை, மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு என்பது என் கட்சி. இத்தனைக்கும் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில் என் கால் ஒருநாளும் பட்டதில்லை.

எங்கள் ஆபீசுக்கு எதிரில், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டை ஒட்டி, விளக்கு அறை. கீழே இறங்குகிற ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் அடித்த பித்தளை டோக்கன் ஒன்று உண்டு. அதை விளக்கு அறை ஜன்னலில் கொடுத்தால் அதே எண் போட்ட தலைவிளக்கும் பாட்டரியும் கிடைக்கும். வேலை முடிந்து மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஜன்னலுக்கு உள்ளே பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால் அந்த எண்ணுக்குரிய ஆள் கீழே இருக்கிறான் என்று பொருள். நான் ஷிப்டுக்கு ஒருமுறை போய் அந்த டோக்கன்களைப் பார்த்து ரெஜிஸ்தரில் குறித்துக்கொண்டு வருவேன். இந்த விளக்கு அறையின் பொறுப்பாளரைத்தான் எல்லோரும் மேஸ்திரி என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

மேஸ்திரி குள்ளமான மனிதர். அவருடைய காக்கிச் சட்டையில் பாட்டரித் தண்ணீர் தெறித்துத் தெறித்து நெஞ்சிலிருந்து வயிறு வரை பொத்தல் விழுந்திருக்கும். கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுரங்கத்தில் இறங்கிய அத்தனை பேரையும் எண்ணோடும் முகத்தோடும் வீட்டோடும் அறிந்து வைத்திருந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் முதல் நாள் விளக்கு வாங்க வந்தால், விளக்கை உடனே கொடுக்கமாட்டார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். "உனக்குக் கீழ ஏதாச்சும் ஆச்சுன்னா மொதல்ல யாருக்குச் சொல்லணும்?" அபசகுனமாகக் கேட்கிறாரே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர் விடமாட்டார். பதில் வந்த பிறகுதான் விளக்கு கை மாறும்.

அந்தப் பதில்களை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் தலைக்குள்தான். ஒருவன் தன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மாவுக்குச் சொன்னால் அவர் பார்த்துச் சொல்லிக்கொள்வார் என்பான். ஒருவன் பெண்டாட்டிக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், அம்மாவுக்கு முதலில் தெரிந்தால் மருமகளின் ராசிதான் காரணம் என்று அன்றைக்கே ஆரம்பித்துவிடுவாள் என்பான். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் இருந்த ஒரு பெண்ணின் பெயரை ஒருவன் சொன்னதாக எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. வெகுகாலம் கழித்து, அவர் ஓய்வு பெற்ற பிறகு, வாயைப் பிடுங்கிப் பார்க்கலாமே என்று அதைப்பற்றி மெல்லக் கேட்டேன். மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "யாருக்குச் சொல்லணும்னு சொன்னான் சார். உங்களுக்குச் சொல்லணும்னு சொல்லலியே."

இனி சிலேட்டுக்கு வருகிறேன். எங்கள் சுரங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த, என்னைப் போன்ற ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் தெரியாத ஒரு வழக்கம் இருந்தது. கம்பெனி கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் எங்களைப் போன்ற குடும்பங்களும் பௌத்தக் குடும்பங்களும் அடுத்தடுத்து இருந்தோம். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் பௌத்தப் பையன்கள் எங்கள் ஆட்களுக்குப் பதிலாகக் கீழே இறங்குவார்கள். வைகாசிப் பௌர்ணமியில் புத்தர் ஊர்வலம் போகும்போது எங்கள் ஆட்கள் அவர்களுக்குப் பதிலாக இறங்குவார்கள். ஒருவனுடைய டோக்கனை இன்னொருவன் எடுத்துக்கொண்டு போய் விளக்கு வாங்குவான். கம்பெனிக்குத் தெரிந்தால் இருவருக்கும் அன்றைக்கே சீட்டு கிழியும். என் ரெஜிஸ்தரிலோ டோக்கனுக்குரியவன் பெயர் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஏறும்.

மேஸ்திரிக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அது அவர் போட்ட சட்டம். ஆள் மாறிப் போகிறவன் தன் சொந்த டோக்கனை அவரிடம் அடகு போலக் கொடுத்துவிட வேண்டும். அதை ஜன்னலுக்குப் பின்புறச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி, அதற்கு மேலே இருந்த சிலேட்டில் எழுதுவார்: எந்த எண்ணில் எந்த ஆள். அவன் மேலே வந்து, விளக்கைக் கொடுத்து, "வந்துட்டேன் மேஸ்திரி" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதும் ஈரத்துணியால் அந்த வரியைத் துடைத்துவிடுவார். ஷிப்ட் முடிந்தால் சிலேட்டில் ஒன்றும் இருக்காது. ஆள் கீழே இருக்கும் வரைக்கும்தான் அந்த எழுத்துக்கு ஆயுள்.

ஒருநாள் டோக்கன் பார்க்கப் போனபோது அந்தச் சிலேட்டு என் கண்ணில் பட்டுவிட்டது. அதில் மூன்று வரிகள் இருந்தன. "இது இன்னா மேஸ்திரி?" என்றேன். "ரிப்பேர் விளக்கு சார்" என்று சொல்லி அதைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். ரிப்பேர் விளக்குக்கு ஆள் பெயர் எதற்கு என்று எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. என் ரெஜிஸ்தருக்குப் போட்டியாக இன்னொரு கணக்கா? என்ன ஏது என்று விசாரிக்கவும் தோன்றவில்லை. விளக்கு அறையில் அனுமதியில்லாமல் ஏதோ குறிப்பு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் நல்ல இங்கிலீஷில் எழுதி, எங்கள் பெரிய சாரிடம் கொடுத்தேன். அவர் டைம் ஆபீசுக்குத் தலைவர். தாளைப் படித்துவிட்டு மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதன் பிறகு இரண்டு வாரம் இருக்கும். அன்று வைகாசிப் பௌர்ணமி. காலையில் ஊர்வலம் எங்கள் ஆபீஸ் வழியாகத்தான் போனது. பெண்கள் எல்லோரும் வெள்ளைப் புடவை. ஐந்து வண்ணக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனவன் என் தம்பியின் கூட்டாளி. இருவரும் ஒரே கிளாசில் படித்து ஒரே கிளாசில் நின்றவர்கள். நான் அப்போது தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். பாண்டு சத்தம் கேட்டது, கொடியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் ரெஜிஸ்தரில் அவன் கீழே இருக்கிறான் என்று கொஞ்ச நேரத்துக்கு முன் நானே எழுதியது உறைத்திருக்கும். தம்பிக்கு அன்று வார ஓய்வு. ராபர்ட்சன்பேட்டைக்கு சினிமா பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

மத்தியானச் சாப்பாட்டை முடித்து டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. மேசையில் இங்க் புட்டி நகர்ந்தது. சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது. தங்கவயலில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கோ ஆழத்தில் பாறை வெடித்திருக்கிறது. ஏர் பிளாஸ்ட் என்போம். பல முறை வரும், ஒன்றும் ஆகாது. சில முறை அப்படி இராது. கொஞ்ச நேரத்தில் கீழிருந்து போன் வந்தது. ஒரு லெவலில் பாறை இறங்கி வழி அடைத்துக்கொண்டது, மூன்று பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள் என்றார்கள். எந்த இடம் என்று கேட்டுக்கொண்டு, ரெஜிஸ்தரைப் புரட்டி மூன்று பெயர்களை எழுதினேன். அவற்றில் ஒன்று தம்பியின் கூட்டாளியின் பெயர்.

அதற்குள் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் வந்து ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டார்கள். யார், யார் என்று ஒரே கூச்சல். இப்படிப்பட்ட நேரத்தில் விளக்கு அறையில் ஒரு வார்த்தை கேட்காமல் யார் பெயரையும் வெளியே விடக்கூடாது என்று ஒரு பழக்கம் இருந்தது. சட்டப் புத்தகத்தில் இல்லை, அதனால் நான் அதை மதித்ததில்லை. கையில் சரியான தகவல் இருக்கும்போது இந்தப் பெண்களை ஏன் தவிக்க விட வேண்டும்? தாளை எடுத்துக்கொண்டு போய்ப் படியில் நின்று கணீரென்று மூன்று பெயரையும் படித்தேன்.

முதல் பெயருக்கு ஒரு சின்னப் பெண் நின்ற இடத்திலேயே சரிந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவள். அவள் புருஷன், முதலில் தன் மைத்துனனுக்குச் சொல்ல வேண்டும், அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருந்தானாம். அன்று மேலே உயிரோடு வராதவன் அவன் ஒருவன்தான். அந்தச் செய்தியை அவள் அப்படிக் கூட்டத்தில், நாலு பேர் இடிக்க நின்றுகொண்டு கேட்டிருக்க வேண்டாம். அது நான் செய்தது. இன்றைக்கும் அதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

கூட்டாளியின் பெயரைப் படித்தபோது அவனுடைய மனைவி எனக்கு நேர் எதிரே நின்றிருந்தாள். ஊர்வலத்துக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடு ஓடி வந்திருந்தாள். அவள் அலறவில்லை. என்னவோ சொல்ல வாயெடுத்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கண் மட்டும் என்னையே பார்த்தது. பாவம், அதிர்ச்சியில் அழுகைகூட வரவில்லை என்று நினைத்து நான் படியிறங்கிப் போய், "பயப்படாதம்மா, உன் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆவாது. நம்ம ஆளுங்க இறங்கிட்டாங்க" என்று தைரியம் சொன்னேன். அவ்வளவுதான், அவள் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். தன் புருஷன் புத்த விகாரையில் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்குப் பதிலாகக் கீழே இருப்பது யார் என்றும் தெரியும். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ரெஜிஸ்தர் வைத்திருந்த எனக்குத்தான் தெரியவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள். ஆபீசுக்கு அவள் வந்ததே இல்லை. என்ன இது, வேலை நேரத்தில் இங்கே வந்து நிற்கிறாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு சொம்பில் தண்ணீர் வைத்திருந்தாள். "இன்னாங்க, இப்பிடி உள்ள வாங்க. உக்காருங்க மொதல்ல" என்று கையைப் பிடித்து ஆபீசுக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். தண்ணீரைக் குடிக்கச் சொன்னாள். குடித்த பிறகு சொன்னாள். "கீழ கீறது நம்ம தம்பிங்க. கூட்டாளிக்குப் பதிலா போயிருக்குது. விளக்கு ரூம்லேருந்து ஆள் வந்து எனக்குச் சொல்லிட்டுப் போனாரு. எதுனா ஆச்சுன்னா மொதல்ல அண்ணிக்குச் சொல்லுங்க, அண்ணன் தாங்காதுன்னு தம்பி மேஸ்திரிகிட்ட சொல்லி வெச்சிருந்துச்சாம்."

தம்பி சொன்னது சரிதான். கண் இருண்டு, அப்படியே மேசையில் தலை சாய்த்துவிட்டேன். எட்டாவது தாண்டாத பையன் என்று நான் ஏளனம் பேசாத நாள் கிடையாது. அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை இவ்வளவு சரியாக எடை போட்டு, எனக்காக ஒரு ஏற்பாடும் செய்துவைத்திருக்கிறான். அதை ஐந்து வருடமாக ஒருவர் தலைக்குள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். தினமும் எதிர் ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்தும், ஒரு நாள்கூட என்னிடம் மூச்சு விடவில்லை.

மற்றதை எல்லாம் மேஸ்திரி ஜன்னலை விட்டு நகராமலே செய்தார். மீட்க இறங்கிய ஆட்கள் விளக்கு வாங்க வந்தபோது, அவர்களின் தலைவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, அந்தப் பக்கம் மாட்டியிருப்பது இன்னார் இல்லை, இன்னார், அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்று காதோடு சொல்லி அனுப்பினார். தம்பி பிற்பாடு என்னிடம் சொன்னான்: "கல்லுக்கு அடியில காலு மாட்டிக்கினு அரை மயக்கமா கெடந்தேண்ணா. எங்கியோ கூப்புடற மாதிரி இருந்துச்சி. என் பேரு. அப்பாலதான் கையில இருந்த கல்லால பைப்ப தட்டுனேன். கூட்டாளி பேர சொல்லிக் கூப்பிட்டிருந்தா வேற யாரையோன்னு அப்பிடியே கெடந்திருப்பேன்." அந்தத் தட்டும் சத்தத்தை வைத்துத்தான் எந்தப் பக்கம் வெட்டுவது என்று முடிவு செய்தார்களாம். என் தாளில் இருந்த பெயரை நம்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதற்கிடையில் கூட்டாளி வந்து சேர்ந்தான். விகாரையிலிருந்து சாம்பார் வாளியைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறான். வெள்ளைச் சட்டையெல்லாம் சாம்பார். நேரே ஜன்னலுக்குப் போய், "நானும் எறங்கறேன் மேஸ்திரி" என்றான். அவனுடைய டோக்கனில்தான் தம்பி கீழே இருக்கிறானே, இவனுக்கு எந்த விளக்கைக் கொடுப்பது? மேஸ்திரி சிலேட்டின் கீழே ஆணியில் தொங்கிய தம்பியின் டோக்கனை எடுத்து வரிசைப் பலகையில் மாட்டினார். தம்பியின் விளக்கை எடுத்துக் கூட்டாளியின் தலையில் வைத்தார். சிலேட்டில் இன்னொரு வரி எழுதினார். சற்று நேரத்தில் நான் ரெஜிஸ்தரில் குறித்தேன்: மீட்பு வேலைக்குத் தானாக வந்து இறங்கியவர்களில் என் தம்பி பெயர். எழுதும்போதுதான் மேஸ்திரி செய்தது என்னவென்று புரிந்தது. இனி யார் கேட்டாலும் இருவரும் கீழே இருந்ததற்கு எழுத்து இருக்கிறது. தம்பிக்கு அடிபட்டிருந்தால் மீட்கப் போன இடத்தில் பட்ட அடி. உண்மை எது என்று சொல்லக்கூடியது அந்தச் சிலேட்டு ஒன்றுதான்.

பொழுது சாய்வதற்குள் கேஜில் அவனைக் கொண்டுவந்தார்கள். கூட்டாளியின் தோளில் சாய்ந்திருந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "அண்ணிக்குச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டான். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கூட்டாளி ஜன்னலுக்குப் போய் விளக்கைக் கொடுத்து, "வந்துட்டேன் மேஸ்திரி" என்றான். அவன் வரி துடைக்கப்பட்டது. தம்பியின் வரி அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் பெரிய சார் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் என் கையெழுத்தில் இருந்த அந்தத் தாள். நேற்றுக் காலையில் கொடி பிடித்துக்கொண்டு போனவன் எப்படிக் கீழே இருந்தான் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். "நீங்கதானே எழுதினீங்க, விளக்கு ரூம்ல ஏதோ குறிப்பு இருக்குன்னு? போய் அதைக் கொண்டு வாங்க" என்றார். நான் வைத்த கண்ணியில் என் தம்பியே வந்து விழுந்திருந்தான். அவனுக்கும் கூட்டாளிக்கும் மேஸ்திரிக்கும் சேர்த்து மூன்று குடும்பத்தின் பிழைப்பு அந்த ஒரு தாளில் தொங்கியது.

விளக்கு அறைக்குப் போனேன். மேஸ்திரி பாட்டரிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தாளை எழுதியது நான் என்பதையும் சொன்னேன். முகத்தில் அடித்தாற்போல ஏதாவது சொல்லுவார் என்று நின்றேன். அவர் சிலேட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அதில் தம்பியின் பெயரும் கூட்டாளியின் எண்ணும் பளிச்சென்று இருந்தன. "எடுத்துக்கினு போங்க சார்" என்றார்.

"நேத்தே துடைச்சிருக்கலாமே மேஸ்திரி" என்றேன்.

"ஆள் வந்து சொல்லலியே சார். சொல்லாம எப்பிடித் தொடைக்கறது?" என்றார். பிறகு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, யாரிடமோ பேசுவதுபோல ஒரு கதை சொன்னார். அவர் விளக்கு கொடுக்கிற ஆளாகச் சேர்ந்த காலத்தில் இதே போல ஒரு வெடிப்பு. டோக்கனைப் பார்த்து ஒரு வீட்டுக்குப் போய்ச் சாவுச் செய்தி சொன்னவர் அவர்தான். அந்த வீட்டில் ஒரு பகல் முழுக்க மாரடித்து அழுதார்கள். சாயங்காலம் அந்த வீட்டு ஆள் ஊரிலிருந்து பையோடு வந்து இறங்கினான். அவனுக்குப் பதிலாகப் போனவனின் வீட்டில் அதுவரை ஒன்றும் தெரியாமல் குழந்தைக்கு மொட்டை போட்டு விருந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். "அந்த ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நான் நடந்த நட இருக்குதே சார்," என்றார். மறுநாள்தான் அந்தச் சிலேட்டை வாங்கினாராம்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வந்து சொல்ல அவனால் முடியாது. சொல்லக்கூடியவன் அவன் வீட்டு மனிதன்தான். ஜன்னலுக்கு வெளியே போய், ஆட்கள் நிற்கிற இடத்தில் நின்றேன். தம்பியின் பெயரைச் சொல்லி, "வந்துட்டான் மேஸ்திரி" என்றேன்.

"சரி சார்," என்றார். ஈரத்துணியை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். வாழ்நாளில் ஓர் எழுத்தைக்கூட அடிக்காதவன் அந்த வரியை ஒரு சுவடு இல்லாமல் துடைத்தேன். துடைத்துவிட்டுச் சிலேட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய சார் மேசைமேல் வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல் இன்னும் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். விவரம் தெரியாம எழுதிக் குடுத்துட்டேன். தப்பு என்னுதுதான்."

அவர் ஈர விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு என் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, சிலேட்டை என் பக்கம் தள்ளினார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தானே.

மூன்று மாதம் கழித்துத் தம்பி கட்டையை ஊன்றிக்கொண்டு முதன்முதலாக வெளியே வந்தான். வீட்டுக்குப் போகலாம் என்றால் கேட்கவில்லை. நேரே விளக்கு அறை ஜன்னலுக்குப் போனான். "வந்துட்டேன் மேஸ்திரி" என்றான். "தெரியும் போடா, உங்கண்ணன் அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு," என்று சொல்லிவிட்டு மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவனால் மறுபடி கீழே இறங்க முடியவில்லை. மேலே ஒரு வேலை கொடுத்தார்கள். எந்த இடம் என்று சொல்லவா வேண்டும்? விளக்கு அறையில்தான். எழுபதுகளின் நடுவில் மேஸ்திரி ஓய்வு பெற்றபோது சிலேட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி ஓய்வு பெற்றபோது அது என் வீட்டு ஆணிக்கு வந்தது.

சுரங்கம் மூடிப் பல வருடம் ஆகிறது. மேஸ்திரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதெல்லாம் போன் கடையில், பாங்கில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் பெயர், விலாசம், பிறந்த தேதி என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் கம்ப்யூட்டர் கேட்கிறது என்கிறார்கள். வாங்கியதைத் திருப்பித் துடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நம்மைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்திருப்பவர்களில் ஒருவருக்காவது, நமக்கு ஏதாவது ஆனால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தெரியுமா என்று நினைத்துக்கொள்வேன். குறைந்த படிப்பில், பொத்தல் சட்டையில், ஒரு ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எதைத் தெரிந்துகொள்வது, யாரிடம் சொல்வது, எப்போது துடைப்பது என்ற மூன்றையும் அறிந்திருந்த மனிதரை நான் அதன்பின் பார்க்கவில்லை.

தம்பி இப்போது பெங்களூரில் மகனோடு இருக்கிறான். மாதம் ஒருமுறை ரயிலேறி எங்களைப் பார்க்க வருவான். கட்டை ஊன்றிய நடை, கூட்ட ரயில். அதனால் அவன் திரும்பிக் கிளம்பும்போது நான் சிலேட்டில் அவன் பெயரை எழுதிவிடுவேன். வீடு போய்ச் சேர்ந்ததும் அவன் போன் செய்ய வேண்டும், செய்ததும் துடைப்பேன். கிழவர்களின் விளையாட்டு என்று மருமகள் சிரிப்பாள். போன மாதம் ஒருநாள், வீட்டில் யாரும் இல்லாத மத்தியானத்தில், அவளை உட்கார வைத்து இவ்வளவையும் சொன்னேன். கூட்டத்தில் சரிந்து விழுந்த அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

நேற்றுத் தம்பி கிளம்பிப் போனான். நான் கூடத்தில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. போன் அடித்ததுகூடக் கேட்கவில்லை. விழித்துப் பார்த்தபோது மருமகள் ஈரத்துணியோடு சிலேட்டின் முன்னால் நின்றிருந்தாள். துடைக்கவில்லை. நான் கண்ணைத் திறப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"சின்ன மாமா வந்துட்டாரு மாமா," என்றாள்.

சரி என்று தலையசைத்தேன். அதன் பிறகுதான் துடைத்தாள்.